இடது பக்க இருட்டு

டிப்போவில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகும் டவுன் பஸ் டிரைவருக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்கலாம். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்கக் கிளம்பியவர் மாதிரி தினமும் வேலைக்கு வந்தால் வேறு என்னதான் பெயர் வைப்பார்கள்!

அவர் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் மியூசியத்துக்கு எதிரே. வண்டியைத் திருப்பி எடுக்கும்வரை மற்றவர்கள் டீக்கடையில் ஊர்வம்பு அளப்பார்கள். இவர் ஒருநாள் மழைக்காக மியூசியத்துக்குள் ஒதுங்கினார். அதோடு சரி, ஆள் தொலைந்தார். பழைய ஐரோப்பிய ஓவியங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. கடைசியில் மாலைக் கல்லூரியில் ஓவிய வரலாற்று வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். வகுப்பில் நன்றாக எழுதும் ஒருவரை மியூசியத்தில் கைடாக எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் சீட்டு அவருடைய இடுப்பைத் தின்று தீர்த்திருந்தது. இன்னும் பத்து வருஷம் அதில் உட்கார அவரால் ஆகாது. அந்தக் கைடு வேலை மட்டும் கிடைத்துவிட்டால் பிழைத்தேன் என்று அதையே பிடித்துக்கொண்டு இருந்தார்.

வேலைக்கான சோதனை ஒரே ஒரு கட்டுரை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் காலத்து ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அமைப்பை ஆராய்ந்து எழுத வேண்டும். ஓவியர் யாரைக் காதலித்தார், எதில் செத்தார் என்ற கதையெல்லாம் கூடாது. கோடு எப்படிப் போகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம். கண்ணுக்குத் தெரிவது மட்டும். போட்டோவைப் பார்த்து எழுதினால் பூஜ்யம். படத்துக்கு முன்னால் நின்று எழுத வேண்டும்.

இது என்ன பிரமாதம் என்று நினைத்தார் மாப்பிள்ளை. பார்ப்பதுதானே அவருடைய பிழைப்பே!

அவர் எடுத்துக்கொண்ட ஓவியத்தை வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி. அதன் வெளிச்சத்தில் ஒரு பெண், அடிபட்ட சிப்பாயின் கையைக் கழுவுகிறாள். லீவு நாட்களில் போய்க் கால் கடுக்க நின்று எழுதினார். எழுதியதில் அவருக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"ஓவியத்தின் இடது பாதி முழுவதும் இருட்டு. அங்கே எதுவுமே இல்லை. அந்த வெறுமைதான் வலது பக்கத்து வெளிச்சத்தைத் தாங்கி நிற்கிறது."

தையல் மெஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கைடு ஆகி இப்படிப் பேசினீங்கன்னா ஜனம் நின்னுக்கிட்டே தூங்கிடும்."

கட்டுரையைக் கொடுத்த அடுத்த வாரம் வகுப்பு டீச்சர், தன்னை மியூசியத்துக்கே வந்து பார்க்கச் சொன்னார். வேலைதான் கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளை முடிவு கட்டி மனைவியையும் அழைத்துப் போனார். சாயங்கால டியூட்டி எதிரே இருக்கும் நிறுத்தத்திலேயே ஆரம்பிப்பதால் சீருடையிலேயே வந்திருந்தார். பெயிண்ட் வெளுத்துவிடக் கூடாது என்று அந்தக் கூடத்தில் எப்போதும் மங்கலான விளக்குதான். டீச்சர் கட்டுரையோடு படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க சார். இதை மொபைல்ல படம் புடிச்சு வச்சுத்தானே எழுதினீங்க?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. "சத்தியமா இல்ல டீச்சர். இதே இடத்துல நின்னுதான் எழுதினேன். வாசல்ல இருக்கறவரைக் கேட்டுப் பாருங்க."

"அப்ப அந்தப் பெரியவரை ஏன் விட்டீங்க?"

"எந்தப் பெரியவரை?"

டீச்சர் கையை நீட்டி இடது பக்கத்தில் ஓர் உருவத்தை மேலிருந்து கீழாகக் காற்றில் வரைந்து காட்டினார். மாப்பிள்ளைக்கு அவருடைய விரல் தெரிந்தது. விரலுக்குப் பின்னால் கறுப்புத்தான்.

"அங்க ஒண்ணும் இல்லையே டீச்சர்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "என்னங்க இது, விளையாடறீங்களா? முழுசா ஒரு ஆளு நிக்கிறாரு. தாடி வச்சுக்கிட்டு, கையில துணியோட. எனக்கே தெரியுதே."

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்; கறுப்புத்தான். அண்ணன் ஞாபகம் வந்தது. இப்போது சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும் அண்ணனுக்கும் முதலில் இருட்டில்தான் தெரியாமல் போனது. குடும்பத்தில் வழிவழியாக வரும் கண் நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார். நமக்கு வராது என்று மாப்பிள்ளை இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். விளக்கில்லாத நிறுத்தங்களில் கை காட்டியும் வண்டி நிற்கவில்லை என்று ஜனங்கள் கொடுத்த புகார்களை எல்லாம், அங்கே ஒருத்தரும் நிற்கவில்லை என்று சாதித்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். நின்றவர்கள் எத்தனை பேரோ. கண்டக்டர் அலறிய பிறகு இவர் பிரேக் போட்ட மாலைகளும் உண்டு. இந்த மங்கல் கூடத்தில் எந்தக் கைடு வேலை? பகலில் பஸ் ஓட்டுவதுதான் இன்னும் எத்தனை நாளைக்கு?

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அவர் மெல்லச் சொன்னதில் விஷயம் புரிந்த டீச்சர் கட்டுரையை மடித்தார். "நீங்க பார்த்ததை அப்படியே எழுதியிருக்கீங்க சார். அதுல தப்பே இல்ல," என்றார்.

மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடி போட்டா சரியாயிடும்ங்க," என்றாள். அவள் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது போன் அடித்தது. எதிர் நிறுத்தத்திலிருந்து டைம்கீப்பர்.

"எங்க இருக்கீங்க மாப்பிள்ளை? இருட்டப் போகுது, வண்டியை எடுக்க வேணாமா?"

"நான் எடுக்கல. இனிமே எடுக்கவும் மாட்டேன். வேற ஆளைப் போடுங்க."

"என்ன பேசறீங்க? வண்டி நிறைய ஜனம் ஏறி உக்காந்திருக்கு."

"அதனாலதான் சொல்றேன்," என்றார் மாப்பிள்ளை.