தலையெண்ண வந்த நாள்

எழுபதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது எங்கள் வகுப்பில் எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அறை என்னவோ முப்பது பேருக்கானது. உயரப்படி உட்காரவைத்தார்கள். நான் நெட்டை, அதனால் கடைசி பெஞ்சு. பக்கத்து வீட்டுப் பெண் குள்ளம், அதனால் முதல் பெஞ்சு. குள்ளமாகப் பிறந்ததைத் தவிர அவள் என்ன சாதித்துவிட்டாள் என்று தினமும் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

டீச்சருடைய சிவப்பு மை மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது. அதற்குள் மணி அடித்துவிடும். அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் டிக். என் நோட்டு போன மாதிரியே திரும்பி வரும். வீட்டுக்குப் போகும் வழியில், கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை வரும் சந்தில், அவள் நோட்டை விரித்துக் காட்டிக்கொண்டே வருவாள். பிடுங்கிக் கால்வாயில் எறியலாமா என்று இருக்கும்.

அந்த ஜூனில் ஒரு புது டீச்சர் வந்தார். வேலை இன்னும் உறுதியாகவில்லை. வகுப்பை இரண்டு டிவிஷனாகப் பிரிக்க அனுமதி கிடைத்தால்தான் உறுதியாகும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதுவரை பின் பெஞ்சுக்காரர்களை வராந்தாவில் உட்காரவைத்து அவர் பாடம் எடுத்தார். முதல் நாளே என் வகுத்தல் கணக்கைப் பார்த்தார்.

“மோளே, இது முழுவன் தெற்றாணல்லோ.”

தெற்று என்றால் தப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்தே அத்தனை கணக்கையும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருக்கிறேன், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் பென்சிலை வாங்கி, மீதியை எங்கே இறக்குவது என்று காட்டினார். அடுத்த கணக்கு சரியாக வந்தது. சிவப்பு டிக் போட்டார். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கென்று ஒரு டீச்சர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள், எங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நன்றாகப் படிக்கும் ஒருத்தியை உள்ளிருந்து வராந்தாவுக்கு அனுப்பினார்கள். வேறு யார், அவளேதான். வந்த அன்றே புது டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி “மிடுக்கி” என்றார், கெட்டிக்காரி என்று. உள்ளே ஒரு டீச்சர் இருக்க, வெளியே வந்து என் டீச்சரையும் எடுத்துக்கொண்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: நாளைக்கு அதிகாரி தலையெண்ண வருகிறார், காய்ச்சலாக இருந்தாலும் வரவேண்டும். பியூன் தன் பங்குக்கு, வராதவர்கள் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார். மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. பெயரை வெட்டுவார்கள் என்பது மட்டும் ஏறியது.

மறுநாள் காலை மழை கொட்டியது. பையோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“பள்ளிக்கூடம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன் மாமி. மழைக்கு லீவு.”

“நல்லதாப் போச்சு கொழந்தே. இந்த மழையில எப்படி அனுப்பறதுன்னு இருந்தேன்” என்றாள் அவள் அம்மா.

நான் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன். அம்மைக் கொப்புளம் காயாத ஒருவனைக்கூட அவன் அப்பா தோளில் தூக்கி வந்திருந்தார். அதிகாரி உள்ளே பெஞ்சு பெஞ்சாக, வராந்தாவில் பாய் பாயாக எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வகுப்பைப் பிரிக்க வேண்டிய எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தது.

புது டீச்சர் நேராக என்னிடம் ஓடிவந்தார். “உன் பக்கத்து வீட்டுக் குட்டி எவிடே? வீட்டிலிருந்தால் பியூனை அனுப்பலாம்” என்றார். கேட்டுக்கொண்டே அதிகாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆனால் என் மனதில் பட்டது ஒன்றுதான்: இப்போதும் அவளைத்தான் கேட்கிறார்.

“பாலக்காட்டுக்குப் போயிட்டா டீச்சர்” என்றேன்.

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு குடையை விரித்தார்.

மறுநாள் அவள் வந்தாள், வந்ததும் எல்லாம் வெளிப்பட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் என் காதைத் திருகினார், அது பெரிதாக வலிக்கவில்லை. டிவிஷன் இல்லை, எனவே புது டீச்சரும் இல்லை. வராந்தாவிலிருந்த பாய்களைச் சுருட்டி எங்களை உள்ளே அனுப்பினார்கள். அவள் முதல் பெஞ்சுக்குப் போனாள், நான் கடைசிக்கு. அந்த வருஷம் முழுதும் என் நோட்டை வேறு யாரும் திறக்கவில்லை.

இன்று நெரிசலான வகுப்புகளுக்குப் பரிகாரம் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். இன்னொரு டீச்சரைப் போடுங்கள், பக்கத்தில் வந்து உட்காரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். கைதட்டுகிறார்கள். அப்படி வந்த ஒருவரை அனுப்பிவைத்தது யார் என்று நான் சொல்வதில்லை.

பாய்களைச் சுருட்டிய அன்று மத்தியானம் புது டீச்சர் தன் டிபன் பாத்திரத்தையும் குடையையும் எடுக்க வந்தார். போகும்போது முதல் பெஞ்சருகே நின்று அவள் கன்னத்தைத் தட்டினார். கடைசி பெஞ்சில் நான் எழுந்தே நின்றேன். என் பக்கம் திரும்பாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.