போர்டில் என் பெயர்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, வீட்டிலேயே ஒரு சர்க்யூட் போர்டு செய்தேன். காலையிலிருந்து அதன் சிப்பில் புரோகிராம் ஏறவில்லை.

கேபிளை மாற்றினேன். லேப்டாப்பை மாற்றினேன். சிப்பையே இரண்டு முறை மாற்றினேன். கடைசியில், டூப்ளிகேட் சிப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டி இங்கே பதிவும் போட்டேன்.

மதியம் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து மனைவி வந்தாள். கம்பெனியில் அவளுக்கு வேலையே போர்டுகளைப் பார்த்துப் பழுது சொல்வதுதான். என்னுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, உங்க பேரா?"

ஆமாம். நடுவில், மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளுக்கு இடையே, அதே செம்பில் ‘தமிழரசன்’ என்று வரும்படி டிசைன் செய்திருந்தேன்.

"ழவோட வாலு ரெண்டு லைனையும் சேத்துப் புடிச்சிக்கினு கீது பாருங்க. ஷார்ட்டு."

பிளேடால் பெயரைச் சுரண்டினாள். புரோகிராம் ஏறிவிட்டது.

"தெனம் எத்தினி போர்டு பாக்கறேன். ஒண்ணுலகூட எவன் பேரும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

கடைக்காரரைத் திட்டிய பதிவை நீக்கிவிட்டேன். அதில் ‘உண்மைதான் அண்ணே’ என்று கமெண்ட் போட்டவர்கள், நாளை அவரிடம் மன்னிப்புக் கேட்க என்னோடு வரலாம்.