ஆடு தின்ற உளுந்தங்களி

என் மகளுக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. ஊக்குக் குத்தி அனுப்பினேன். கொஞ்ச நாளில் அந்த ஊக்கையும் உள்ளே தள்ளிக் குத்த வேண்டி வந்தது. அந்த வயதில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை பத்தாமல் போகும், தையல்காரரிடம் கொடுத்து மடிப்பைப் பிரிப்பார்கள். என் வீட்டில் மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்தது.

நான் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் பில் போட வேண்டிய நேரத்தில் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, குழந்தை ஏன் மெலிகிறது என்று தேடினேன். பாழாய்ப்போன போன் ஒரு நல்ல வார்த்தை சொல்லுமா? சொன்னதெல்லாம் வாயில் சொல்லக்கூடாத நோய்கள். டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஊசி என்று சொன்னாலே தெருவைக் கூட்டுகிற பிள்ளை, அன்றைக்கு ஒரு சத்தம் போடாமல் கையை நீட்டினாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிள்ளையாரே, உனக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன், இவளை விட்டுவிடு என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

ரத்தம் கொஞ்சம் குறைவு, வேறு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவுதானே! எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்குக் கறுப்பு உளுந்தை விட்டால் வேறு வைத்தியம் ஏது? சாத்தான்குளத்தில் கடை வைத்திருக்கும் என் அண்ணன் கருப்பட்டியும் செக்கு நல்லெண்ணெயும் கொண்டுவந்து இறக்கினார். தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டினேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவாள், காலிக் கிண்ணத்தோடு திரும்புவாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். ஊக்கு மட்டும் இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டு ஆடு சுவரில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் வாயைச் சுற்றிக் களி. என் மகள் கிண்ணத்தை வழித்து வழித்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா! என்ன காரியம் செய்யுத? காலங்காத்தால கை வலிக்க நான் கிண்டுதது ஆட்டுக்கா?"

கையை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை. சட்டைக் கழுத்துக்கு மேலே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அடிச்சாலும் திங்க மாட்டேன்," என்றாள். "நல்லாத் தின்னா, அதுலயும் இதத் தின்னா, சீக்கிரம் வயசுக்கு வந்துருவேனாம். வந்துட்டா எனக்கும் பிளெக்ஸ் வைப்பீங்க."

பிளெக்ஸ் என்றதும்தான் புரிந்தது. என் கணவருடைய அண்ணன் மகளுக்கு அந்த வருடம் சடங்கு வைத்தார்கள். மூன்றாவது மைல் திருப்பத்தில் வீட்டு உயரத்துக்கு பிளெக்ஸ். பட்டுச்சேலையில் பிள்ளை, பின்னால் அரண்மனை, கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்மார் வரிசை. நாங்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம். இரண்டு பிள்ளைகளும் போகிற பள்ளிக்கூட வேன் தினமும் அந்த வழியாகத்தான் போகும்.

"வேன்ல பயலுவ பிளெக்ஸக் காட்டிக் காட்டிச் சிரிச்சானுவம்மா. அக்கா தலையத் தூக்கவே இல்ல. ஊருக்கே தெரிஞ்சுபோச்சுல்லா? ஒங்களுக்கெல்லாம் அதுல என்னம்மா சந்தோசம்?"

அந்த எலும்புக் கூட்டை இழுத்து அணைத்துக்கொண்டேன். "ஒனக்கு பிளெக்ஸும் கெடையாது, சடங்கும் கெடையாது. சாப்பிடு மக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மாமாகிட்ட யாரு சொல்லுவா?"

சடங்கு என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவரும் நாள். என் அண்ணனுக்கு இருப்பதோ ஒரே மருமகள். கொட்டுமேளத்தோடு வந்து இறங்குவேன் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே சொன்னவர். "நான் சொல்லுதேன்," என்றேன், என்ன துணிச்சலில் சொன்னேனோ தெரியாது.

அன்று சாயங்காலம் கணவரிடம் பேச்சை எடுத்தேன். "கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார். "ஊர்ல எல்லா வீட்டுச் சடங்குக்கும் போயி நின்னுட்டு, நம்ம வீட்ல மட்டும் கதவச் சாத்துனா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? பிள்ளைக்கு ஏதோ கோளாறும்பான். அது வரும்போது பாத்துக்கிடலாம், போ."

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். என் வார்த்தையை நம்பித்தான் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது, ஊக்கைக் கழற்றினோம், பாவாடை மடிப்பைப் பிரித்தோம். பார்க்கிறவர்கள் எல்லாம் நல்லா இருக்காளே என்றார்கள். எனக்கோ அவள் வளர வளரப் பயம். அந்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகக் கூடாதா என்று இருந்தது.

தள்ளிப் போகவில்லை. இந்த வருடம் ஒரு காலை, குளியலறைக் கதவை விரல் அளவு திறந்துகொண்டு, "யம்மா, நீ மட்டும் வா," என்றாள். எங்கள் பக்கம் பெற்றவள் முதலில் பார்க்கக் கூடாது. அத்தையைக் கூப்பிட வேண்டும், தாய்மாமனுக்கு உடனே சொல்லிவிட வேண்டும், பிள்ளையைத் தனியே உட்காரவைக்க வேண்டும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். செய்ய வேண்டியதைச் செய்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் முகம் வெளிறியிருந்தது. "நீ சத்தியம் பண்ணியிருக்கம்மா," என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வேன் ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

வாசலிலேயே நின்றேன். கையிலிருந்த போன் அடித்தது. கடை திறக்கும் நேரத்தில் வழக்கமாகக் கூப்பிடும் அண்ணன்தான்.

"என்ன தாயி, மருமவ எங்க? சொகமா இருக்காளா?"

உள்ளே என் கணவர் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்கூலுக்குப் போயிட்டாண்ணே," என்றேன். "எப்பவும் போலத்தான்."