தவிட்டு மூட்டையில் பதினொரு நாள்

ஒருவனுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தை நான் பதினொரு நாள் ஒளித்து வைத்தேன். அது கைதவறிப் போகவில்லை. மறந்தும் போகவில்லை. ஒளித்து வைத்தேன்!

எழுதிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்... ஆகவில்லை. சரி, மீதியையும் சொல்கிறேன். நீங்கள் ஆவடிப் பக்கத்துக்காரர் என்றால், உங்கள் வீட்டு வாசலிலும் நான் சைக்கிள் மணி அடித்திருப்பேன். எனவே உங்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். குண்டூரில் மிளகாய் மூட்டை தூக்கினேன். ஹோஸ்பேட்டில் லாரி கழுவினேன். பம்பாயில் ஓர் அச்சகத்து வராந்தாவில் ஒரு வருடம் படுத்து எழுந்தேன். மிளகாய் நெடியில் கண் வீங்கும், தண்ணீரில் கால் வெடிக்கும். அவ்வளவுதான், ஆள் செத்துவிடுவதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆவடியை ஒட்டிய எங்கள் ஊரான கோவில்பதாகைக்குத் திரும்பினேன். வீட்டில் அப்பா, ஆறு எருமைகள், மனைகளாக மாறியது போக மிஞ்சிய கொஞ்சம் நிலம். அப்புறம் என் தங்கை கலா. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு! எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு தலை எப்படி முளைத்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அவள் அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க ஆசைப்பட்டாள். இரண்டு சனிக்கிழமை நகரத்துக்குப் போய், நூலகத்தில் தலையணை கனத்தில் இருந்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்தாள்.

"இன்னா கலா, எவ்ளோ ஆவுமாம்?"

"எருமைய வித்தாலும் பத்தாது, நெலத்த வித்தாலும் பத்தாது. அப்பாவையும் சேத்து வித்தா ஒரு வருசம் ஓட்டலாம்ணா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துத் தபால்காரர் ஏழுமலைக்கு முட்டி வீங்கியது. அவருடைய நீண்ட விடுப்புக் காலத்துக்குப் பதிலாளாக என்னைச் சேர்த்துவிட்டார். பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் முழுவதும் என் தபால் சுற்றானது. முதல் நாள் அவர் தந்த பாடம் இதுதான்:

"நைனா, அமெரிக்கா கவரு குண்டா இருந்தா கதவ தட்டு, காப்பி கெடைக்கும். ஒல்லியா இருந்தா கதவுக்கு அடியில தள்ளிட்டு ஓடியாந்துரு. அழுவுறத பாத்துகினு நிக்காத."

உண்மைதான்! இடம் கிடைத்தால் படிவம், விதிமுறை, விடுதி விவரம் என்று உறை உப்பியிருக்கும். இல்லை என்று சொல்ல ஒரு தாள் போதுமே.

இரண்டே மாதத்தில், வாசல்களில் கேட்ட முந்தைய வருடக் கதைகளிலிருந்து, எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. குண்டு உறை வந்த பையன்கள் எல்லோரும் விமானம் ஏறவில்லை. பலர் பணமில்லாமல் உறையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கடைசல் பிடிப்பவர், பற்றவைப்பவர் வீட்டுப் பையன்கள் சிலர் போயே விட்டார்கள்! போய் ஆறாம் மாதம் பனியில் நின்ற புகைப்படம் வந்தது. அடுத்த வருடம் அந்த வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்தது. அப்படியென்றால் அந்தப் பல்கலைக்கழகம் காசு கம்மியாகக் கேட்கிறது, அல்லது வேலை கொடுத்துப் படிக்க வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பத்தாவது பாஸாக வேண்டுமா என்ன?

ஏழை வீட்டுப் பையன் எங்கே போனானோ, அங்கிருந்து வரும் உறையின் மூலையில் இருந்த முகவரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். கோலம் போடுவதுபோல எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பதினேழு பெயர்கள் சேர்ந்தன. யாரும் கேள்விப்படாத ஊர்கள், பெரும்பாலும் பனி கொட்டும் ஊர்கள்.

கலா அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அண்ணா, அந்த லைப்ரரி மொத்தமும் இதுக்கு ஒறை போடக் காணாது!" என்றாள். என் வாழ்நாளில் படிப்பு சம்பந்தமாக எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

விண்ணப்பக் கட்டணத்தை டாலரில் கட்ட வழியில்லை. இப்போதைக்குக் கட்டணம் இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்க முடியுமா என்று பதினேழு இடத்துக்கும் கலா கடிதம் போட்டாள். நான்கு இடங்கள் சரி என்றன. நான்கு போதும் என்று குதித்தாள்.

இங்கேதான் பிரபாகரன் வருகிறான். கலாவின் வகுப்புத் தோழன். குவார்ட்டர்ஸ் பையன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவர். நுழைவுத் தேர்வுக்கான தடிப் புத்தகத்தை வாங்க எங்களால் முடியாது என்று தெரிந்து, தன்னுடையதைப் பாதி நாள் கலாவுக்குக் கொடுத்தவன். பதிலுக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் நோட்டை அவனுக்குக் காட்டிவிட்டாள்!

அந்தக் காலத்துப் பையன்கள் தாங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் பெயரைக் கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரே கல்லூரியிலிருந்து இரண்டு பேருக்கு உதவித்தொகை தர மாட்டான் என்று ஒரு பயம். இவளோ நோட்டையே கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

"அவன் புக்கு குடுத்தான், நான் நோட்டு குடுத்தேன். இதுல இன்னாண்ணா கீது?"

என்ன இருக்கிறது... எனக்கு அன்று நிறைய இருந்தது.

மார்ச் மாதம் கலாவுக்கு ஒரு குண்டு உறை வந்தது. இடம் உண்டு, ஆனால் இப்போது பணம் இல்லை. முதலில் தேர்வானவர் யாராவது வேண்டாம் என்றால் அந்த உதவித்தொகை உனக்கு வரலாம், பொறுத்திரு. எந்தப் பணத்துக்கும் ஏப்ரல் பதினைந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். கலா எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை, கடிதங்களைப் பிரித்தபோது, அதே பல்கலைக்கழகத்தின் உறை. பெயர் பிரபாகரன். என் விரல் அதன் கனத்தை உணர்ந்தது. கலாவுக்கு வந்ததைவிடத் தடிமன்!

நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரியும். ஏழுமலை தந்த பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது எனக்கு.

என் நோட்டில் இருந்த பெயர்... நான் வரைந்த எழுத்து... என் தங்கைக்கு வர வேண்டியது! இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறையைச் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோய், எருமைக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டையின் அடியில் புதைத்தேன்.

பதினொரு நாள். தினமும் பிரபாகரன் வாசலில் நிற்பான். "அண்ணே, ஏதாவது இருக்கா?" தினமும் நான், "இன்னும் வரலப்பா" என்பேன். இந்த ஒரு பொய்யைப் பதினொரு முறை சொன்னேன். பத்து முறை சொன்ன பிறகும் நிறுத்தியிருக்கலாமே? நிறுத்தினேனா? இல்லை!

பதினாறாம் தேதி எடுத்தேன். பின்பக்கம் குத்தியிருந்த வருகை முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்து மழுங்கடித்தேன். வெளிநாட்டுத் தபால் தாமதமாவது அப்போது சகஜம், யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பிரபாகரன் உறையை வாங்கித் தட்டினான். மடிப்பிலிருந்து பொடி உதிர்ந்தது.

"என்னண்ணே, அமெரிக்காக்காரன் தவுட்டு மூட்டையில போட்டு அனுப்பியிருக்கான்!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை உங்களிடம் எப்படிச் சொல்வேன்... உள்ளே இருந்த தாளில் தேதியைப் படிக்கும்வரை அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அப்பாவும் மகனும் அன்றே போய்த் தந்தி கொடுத்தார்கள். இடம் இருக்கிறது, பணம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. மே மாதம் கலாவுக்கு உதவித்தொகைக் கடிதம் வந்தது. அது அவனுடைய பணம்தானா? வேறு யாரோ விட்டுக்கொடுத்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் வரவில்லை.

கலா போனாள். படித்தாள், வேலையில் சேர்ந்தாள். அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தவர்களில் பிரபாகரனும் ஒருவன். அவள் பெட்டியைத் தூக்கியவனே அவன்தான்.

அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நான் தபால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச காலம் மறுபடி ஊர் சுற்றி, கடைசியில் ஆவடியில் ஜெராக்ஸ் கடை போட்டேன். எந்த இடத்தில் கட்டணம் குறைவு, எங்கே வேலை தருகிறார்கள், எங்கே முதல் வருடம் மட்டும் தந்து பிறகு கைவிடுகிறார்கள் என்று வருடாவருடம் கலா எழுதி அனுப்புவாள். நான் நோட்டில் சேர்ப்பேன். கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். நூம்பலிலிருந்தும் அயனம்பாக்கத்திலிருந்தும்கூடப் பிள்ளைகள் வருவார்கள். "அமெரிக்கா அண்ணாத்தே" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எத்தனையோ பேர் போய்விட்டார்கள்! சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி இதைக் கழிக்க நான் முயலும் போதெல்லாம் கணக்கு நிற்பதில்லை.

பத்து வருடம் கழித்து, போன வருடம், பிரபாகரன் தன் கடைக்குட்டித் தங்கை சுமதியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். முன் தலையில் முடி கொட்டியிருந்தது.

"அண்ணே, இவளும் இன்ஜினியரிங். உங்க நோட்டைத்தான் நம்பணும்னு சொல்லிக் கூட்டியாந்தேன்."

"நீ..." என்று ஆரம்பித்தேன். அவன் காத்திருந்தான். "நீ டீ சாப்பிடுறியா?" என்று முடித்தேன். கோழை! வேறென்ன சொல்வீர்கள்?

சுமதிக்காக மூன்று மாதம் உட்கார்ந்தேன். கலாவுக்குத் தொலைபேசி போட்டு ஒவ்வொரு பெயராக விசாரித்தேன். அவளுக்குப் பொருந்திய பதினெட்டில் ஒன்பதை அடித்தேன், மீதி ஒன்பதில் ஐந்தை எடுத்தேன். அந்தப் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் எழுதினேன்.

இந்த ஏப்ரலில் சுமதி கடைக்கு ஓடி வந்தாள். கையில் குண்டு உறை. பிரிக்கப்படவில்லை.

"அண்ணன்தான் சொல்லுச்சு, உங்க கையால பிரிக்கணுமாம். ராசியான கையாம்!"

என் கையா...

பிரித்தேன். இடம் உண்டு, முழு உதவித்தொகையும் உண்டு. அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரபாகரனுக்குச் சொல்ல அவள் என் கடைத் தொலைபேசியைச் சுழற்றினாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கையில் வெற்று உறையைத் தலைகீழாகப் பிடித்து மேசைமேல் தட்டிப் பார்த்தேன். எதுவும் உதிரவில்லை, சுத்தமாக இருந்தது. "அண்ணே, உங்ககிட்ட பேசணுமாம்" என்று அவள் ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்றான் பிரபாகரன்.

"ஆமாம்ப்பா" என்றேன். அந்தப் பதினொரு நாளைப் பற்றிச் சொல்லாமலே ரிசீவரைச் சுமதியிடம் கொடுத்தேன்.