வெறுங்கயிறு இழுத்த கதை

நோர்வேயில் என் சக்கரக் கதிரையைத் தொடுமுன் எல்லாரும் அனுமதி கேட்பார்கள். வாசலில் நான் மாட்டிக்கொண்டு தவித்தாலும், என் பதில் வரும்வரை மழையில் நனைந்தபடி நிற்பார்கள். இலங்கையில் என் ஊரான மாம்புரியில் அந்தத் தொல்லை இல்லை. போன மாதம் ஊருக்கு வந்தபோது, முன்பின் தெரியாத நாலு பேர் என்னைக் கதிரையோடு அரிசி மூட்டை மாதிரித் தூக்கி எங்கள் முற்றத்தில் வைத்தார்கள். ஒருவர் என் கையில் சதகா என்று தருமக் காசு வேறு திணித்தார். என் சப்பாத்தின் விலை தெரிந்திருந்தால் மனிதர் திருப்பிக் கேட்டிருப்பார்.

என்னோடு ஒஸ்லோவில் நான் நடிக்கும் மாற்றுத்திறனாளிகள் நாடகக் குழுவும் வந்திருந்தது. நாங்கள் போடும் நாடகத்துக்கு மேடை கிடையாது; பார்க்க வந்தவரும் உள்ளே புகுந்து நடிக்கவேண்டும். நெறியாளர் இங்ரிட்டுக்குக் கண் தெரியாது. வாய் மட்டும் ஊர் கொள்ளாது. இயற்கையோடு இணையுங்கள் என்று ஒஸ்லோக் காட்டில் எங்களைப் பைன் மரங்களைக் கட்டிப்பிடிக்க வைத்தவள் அவள்தான். பிசின் ஒட்டி என் நல்ல சேர்ட் ஒன்று போனது. இங்கே கடலோடு இணையவேண்டுமாம். அதற்காகக் கடலுக்குள் நீளக் கயிறொன்றை விட்டு, அதைக் கரையிலிருந்து இழுப்பதுதான் நாடகம். நுனியில் ஒன்றுமில்லை. முதல் ஆளாக நான்.

சிரித்தாலும் எனக்கு அது பெரிய விஷயம். என் நானா, அதாவது அண்ணன், கரைவலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி. கரைவலைக் கயிற்றில் கை வைத்தவன் வழிப்போக்கனானாலும் அவனுக்கு மீனில் பங்குண்டு. போலியோக் காலுள்ள எனக்கு மட்டும் கயிறு கிடையாது. "நீ இரிடா தம்பி, ஒனக்கு மீன் வீட்டுக்கு வரும்" என்பார் நானா. வரும், எல்லாரையும்விட அதிகமாக வரும். தின்னும்போது பற்றிக்கொண்டு எரியும். காலுக்குத்தானே கோளாறு, என் கைக்கு என்ன? ஒருமுறையாவது நானா பார்க்க நான் இழுக்கவேண்டும்.

இழுத்தோம். கயிறு இழுபடுவதைக் கண்டால் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மிளகாய்த் தோட்டத்தில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். தலவிலைக் கோயிலுக்குப் போன வேனொன்று நின்று, யாத்திரிகர்களும் இறங்கிப் பிடித்தார்கள். கடைசியில் நானாவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சமூகம் தானாக இணைகிறது என்று இங்ரிட் தேம்பி அழுதாள். கயிற்றைத் தொட்டதுமே நானாவின் முகம் மாறிவிட்டது.

"என்னடா, பாரமே இல்ல? வல எங்க?"

"வலை இல்ல நானா. இது கலை."

"அல்லாவே! மீனில்லாமயா இத்தின பேரையும் இழுக்க வெச்சீங்க?"

"அப்ப எங்கட பங்கு?" என்றார் தலவிலைக்குப் போகும் அம்மா ஒருவர். என்ன சொல்கிறார்கள் என்று இங்ரிட் கேட்டாள். நெகிழ்ந்துபோனார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

தம்பியின் கயிற்றைப் பிடித்தவர்கள் வெறுங்கையோடு போனது நானாவுக்கு மானப் பிரச்சினை. மறுநாள் காலை தன் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு எல்லாரையும் இழுக்க அழைத்தார். இங்ரிட்டின் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தவரும் அவரே. நானும் கதிரையை உருட்டிப் போய்ப் பிடித்தேன். நானா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"கை உரிஞ்சிடும்டா. நிழல்ல இரி."

"அவவுக்குக் கண்ணே தெரியாது. அவ இழுக்கலாம், நான் இழுக்கேலாதா?"

"அவ விருந்தாளி. நீ என்ட தம்பிடா."

கதிரையை நிழலுக்கு உருட்டினேன். வலையில் நெத்தலி மீன் கொட்டியது. பங்கு பிரித்தபோது பெரிய பை எனக்குத்தான். ஒரு நாடு எனக்குக் கயிற்றைத் தருகிறது, மற்றது மீனைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துத் தர ஒருவருக்கும் மனமில்லை.

இங்ரிட் வந்து, கயிறு உரித்த தன் உள்ளங்கையை என் விரல்களால் பெருமையோடு தடவிப் பார்க்க வைத்தாள். பிறகு என் கையைத் தேடித் தடவினாள். அது வழுவழுவென்று இருந்தது.