ஓடைக்கரையில் வெட்டிய புட்டுக்குழல்

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் எங்களை டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு வெளியே ஒரு பழைய விடுதியில் வைத்திருந்தார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்கள், பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிடும்வரை அங்கே சாப்பிட்டுத் தூங்க வேண்டும். இரண்டு வேலையையும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

என் அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் சாவகச்சேரி அண்ணை. அவருடைய மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். விசாரணை முடிந்து அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஒன்பது மாதம் காத்திருந்த பிறகு, வருகிற புதன்கிழமை விசாரணை என்று அவருக்குக் கடிதம் வந்திருந்தது. மற்றவர் மட்டக்களப்புக்காரர். யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் வாசலில் நின்றபடியே நோயின் பெயர் சொல்லிவிடுவார்.

கடிதம் வந்த சந்தோஷத்தில் அண்ணைக்குப் புட்டு ஆசை பிடித்தது. கோதுமை மாவை அவித்து அரித்துவிட்டார். கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்ப்பூவும் கடையில் கிடைத்தது. குழல்தான் இல்லை.

ஓடைக்கரையில் ஆளை விட உயரமாக ஒரு செடி நின்றது. மேலே குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூ. தண்டு கை மொத்தம், உள்ளே கோறை, வெறும் குழாய். அதைக் காட்டி, டென்மார்க் மூங்கில் இதுதான் என்று பகிடிக்குச் சொன்னேன். அவர் திரும்பிப் போய்க் கத்தி எடுத்துக்கொண்டு வந்தார்.

நல்ல வெயில். அண்ணை சேட்டைக் கழற்றிவிட்டு நாலு தண்டு வெட்டினார். அவருடைய முதுகில் பழைய தழும்புகள் உண்டு. அதைப் பற்றி மட்டும் நான் பகிடி விடுவதில்லை. பால் ஒழுகிய தண்டுகளைத் தோளில் சுமந்து அவர் நடந்தார். நான் முன்னால் நடந்து வழி காட்டினேன். கத்தியைத் துடைத்துக் கொடுத்தது மட்டும்தான் என் உழைப்பு.

அடுப்பில் வைத்துப் பத்து நிமிடத்தில் குழல் தலையைத் தொங்கப் போட்டது. புட்டு தண்ணீருக்குள் விழுந்தது. உப்புப் போட்டால் கஞ்சி என்றார் மட்டக்களப்புக்காரர். ஒருவரும் உப்பு எடுக்கவில்லை.

அது சனிக்கிழமை. திங்கள் காலை அண்ணையின் தோளும் கழுத்தும் சிவந்தன, மத்தியானம் கொப்பளங்கள். மட்டக்களப்புக்காரர் வாசலில் நின்று, அம்மாள் வந்திருக்கிறா என்றார். குளிக்கக் கூடாது. தாளிக்கக் கூடாது. வேப்பிலைக்குப் பதிலாக முற்றத்தில் நின்ற வெள்ளைப் பட்டை மரத்தில் கொப்பு முறித்துக் கட்டிலில் கட்டினார். அம்மாளுக்கு இந்த இலை பழக்கமோ என்று கேட்டேன். அவர் காற்றுப் பட வேண்டும் என்று அண்ணையை வெறும் மேலோடு ஜன்னலைத் திறந்து இருத்தினார். வெயில் நேரே தோளில் விழுந்தது. பின்னேரம் எரிச்சல் இரட்டித்தது.

தொற்று வருத்தத்தோடு பொலிசுக்குப் போக முடியாது, விடுதிக் கந்தோரில் சொல்லி வேறு நாள் கேட்கப் போகிறேன் என்றார் அண்ணை. வேறு நாள் என்றால் குளிர்காலம் தாண்டும். மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்' என்று தொடங்கினார்.

அப்போதே எனக்குத் தெரியும். என் பெருவிரலிலும் ஒரு கொப்பளம் இருந்தது. அம்மாள் என்றால் உடம்பெல்லாம் புள்ளி போடுவா. அண்ணைக்குத் தண்டு கிடந்த இடத்தில் மட்டும் கோடு கோடாக இருந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை. ஊரில் மாங்காய் களவெடுத்த நாட்களில் மாம்பால் ஒழுகி என் கன்னத்தில் இப்படித்தான் கோடு போடும். ஆனால் மூங்கில் என்று சொன்னவன் நான். கத்தி இன்னும் அண்ணையிடம்தான் இருந்தது.

செவ்வாய் காலை அவர் கந்தோருக்குப் புறப்பட்டபோது சொன்னேன்.

"அண்ணை, இது அம்மாள் இல்லை. அந்தத் தடியின்ரை பால் சுட்டது. எனக்கும் கிடக்கு, பாருங்கோ."

"நீதானேடா மூங்கிலெண்டு சொன்னனி?"

"ஓம்."

அவர் என் விரலைக் கனநேரம் பார்த்தார். அம்மாள் இரண்டு பேருக்கும் வரலாம் என்றார் மட்டக்களப்புக்காரர்.

விடுதிக்கு வரும் தாதியிடம், மிஞ்சிய தண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனோம். அவள் தண்டைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள். 'பியொர்னெக்லோ' என்று சொல்லி, கரடி பிறாண்டுவதுபோல விரல்களை மடக்கிக் காட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். பால் பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். கொப்பளத்தை உடைக்கக் கூடாது. தொற்றாது. அடையாளம் மாதக்கணக்கில் இருக்கும். கிறீம் பூசித் துணி கட்டினாள். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டாள். சமைக்க என்றேன். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை அண்ணை, அந்த வெக்கையில் கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றிக்கொண்டு விசாரணைக்குப் போனார். நான் துணைக்குப் போய் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். அதிகாரி சால்வையைக் கழற்றச் சொல்லி, கோடுகளைப் பார்த்து, இது இராணுவம் செய்ததா என்று கேட்டானாம்.

"என்ன சொன்னியள்?"

"புட்டெண்டு சொன்னன்."

"ஆமியெண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"ஆமி செய்தது முதுகில கிடக்கு. அதையும் காட்டினன். இது புட்டு."

மொழிபெயர்ப்பாளர் புட்டை விளங்கப்படுத்தவே கனநேரம் போனதாம். மூங்கில் என்று சொன்னது யார் என்றும் அதிகாரி கேட்டிருக்கிறான். அண்ணை என் பெருவிரல் கொப்பளத்தைப் பற்றியும் சொல்லி, என் பெயரைப் பிழை வராமல் எழுத்துக்கூட்டியும் கொடுத்திருக்கிறார்.

இலை கொட்டத் தொடங்கியபோது அண்ணைக்கு அனுமதி வந்தது. அடுத்த வாரம் என் விசாரணை. அதே அதிகாரி. கோப்பைத் திறந்தான், என் பெயரை வாசித்தான், பெருவிரலைக் காட்டச் சொன்னான்.