மச்சான் பிடிக்கிற கயிறு

ஊராட்சித் தலைவி பொன்னழகு செய்த தப்பு ஒன்றுதான். சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று, மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பு மொத்தத்தையும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தி நிற்க வைத்துவிட்டாள்.

அதிகாரி சலவைச் சட்டைகளைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டி மிக்சியைப் பார்த்தார்.

“பழங்குடி மாதிரியே தெரியலையேம்மா.”

“உங்க அய்யா வேட்டி கட்டிருப்பாரு, நீங்க பேன்ட் போட்டிருக்கீக. சாதி மாறிருச்சா சார்?”

அவள் வாய் அப்படி. வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த காலத்தில், மில் பஸ் குடியிருப்புப் பக்கம் நிற்காமல் போகிறதென்று ரோட்டில் குறுக்கே உட்கார்ந்து நிறுத்தியவள். தலைவர் பதவி பழங்குடிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கியதும், கையெழுத்துப் போட ஒரு கை போதுமென்று பெரிய ஆட்கள் அவளைத் தேர்தலில் நிறுத்தினார்கள். கையோடு வாயும் வந்தது ஜெயித்த பிறகுதான் தெரிந்தது.

இன்று வாய் போதாது. மகள் சௌந்தர்யாவுக்கு வியாழக்கிழமை நர்சிங் கலந்தாய்வு. சான்றிதழ் இல்லையென்றால் அவள் மார்க் ஷீட்டில் மிக்சர் மடிக்கலாம்.

“பாறையில தேன் எடுப்பீங்களாமே, எடுத்துக் காட்டுங்க,” என்றார் அதிகாரி.

பொன்னழகின் கணவன் மலைச்சாமி கயிற்றோடு கிளம்பினான். உச்சியில் நின்று பிடிக்கத் தன் டிரைவரை அனுப்பினார் அதிகாரி. மலைச்சாமி கயிற்றைக் கீழே போட்டான்.

“பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் பிடிக்கணும் சார். அக்கா தாலிய நெனச்சு அவன் ஒருத்தன்தான் விடமாட்டான். மச்சான் பிடிக்காத கயித்துல நான் எறங்க மாட்டேன்.”

அந்த மச்சான் பாண்டி, தேர்தலில் எதிராளிக்காக நோட்டீஸ் கொடுத்தவன். அக்காவோடு இரண்டு வருசமாகப் பேச்சில்லை. இருப்பதோ நாலாவது வீடு. ஊரெல்லாம் படியேறி ஓட்டுக் கேட்ட பொன்னழகுக்கு அந்த ஒரு வாசல் மட்டும் மலையாக இருந்தது. ஏறினாள்.

“ஏலே பாண்டி, மச்சானுக்குக் கயிறு பிடிக்க வாடா.”

“எல்லா வீட்டுக்கும் போயி ஓட்டுக் கேட்ட. என் வீட்டுக்கு வந்தியாக்கா?”

“தம்பி ஓட்டு எங்க போயிரும்னு இருந்துட்டேன்டா.”

“எம்புட்டுத் திமிரு ஒனக்கு!” திட்டிக்கொண்டே சட்டைகூட மாட்டாமல் நடந்தான்.

உச்சியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பாறையை உதைத்து உட்கார்ந்தான் பாண்டி. மலைச்சாமி கீழே பார்க்காமல் இறங்கினான். தேனடை வந்தது. டிரைவர் காதில் இரண்டு கொட்டும் வந்தது. அதிகாரி ‘பளியர்’ என்று எழுதிக் கோப்பை மூடினார்.

“இதையும் எழுதுங்க சார். இனிமே சான்றிதழ் கேட்டு வர்ற யாரையும் பாறையில தொங்க விடக்கூடாது.”

“அதெல்லாம் என் கையில இல்லம்மா.”

பொன்னழகு ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். பஸ்ஸையே நிறுத்தியவளுக்கு ஜீப் எம்மாத்திரம்? செத்த நேரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

புதன்கிழமை சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நாலாவது வீட்டுக்குத்தான் முதலில் போனாள்.

“அடுத்த எலக்சனுக்கு மொதல்ல இங்கதான்டா வருவேன்.”

“வா,” என்றான் பாண்டி. “ஓட்டுப் போடுறதப் பத்தி அப்பறம் பாப்போம்.”